கத்திரி வெயிலில் மாடு ஏற்ற எந்த வண்டி தேறும்? குட்டி யானை, பிக்கப், ஐச்சர், டிராக்டர் டிரெய்லர்: ஒரு மதிப்பீடு

மாடு ஏற்ற வாடகை வண்டி பேசப் போனால் டிரைவர் வாயிலிருந்து முதலில் வருவது டன் கணக்குதான். "ஒன்றரை டன் இழுக்கும்ங்க, நாலு மாடு தாராளமா ஏத்தலாம்." நெல் மூட்டைக்கு அது சரி. மாட்டுக்கு முதலில் தளத்தின் சதுர அடி, அடுத்து காற்று. அதற்குப் பிறகுதான் டன். சித்திரை, வைகாசியில் காற்றையே முதலில் வைத்தாலும் தப்பில்லை.

சட்டமும் தளத்தைத்தான் அளக்கிறது. 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி மாடு ஒன்றுக்குக் குறைந்தது 2 சதுர மீட்டர், அதாவது சுமார் இருபத்தொன்றரை சதுர அடி வேண்டும். எவ்வளவு நீளமான சரக்கு வண்டியானாலும் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. மாடுகள் முடிந்தவரை எஞ்சினைப் பார்த்து நிற்க வேண்டும், வழுக்காத தரை வேண்டும், கூட ஒரு ஆள் போக வேண்டும், பயணத்துக்குத் தகுதி என்று கால்நடை மருத்துவர் தந்த சான்று கையில் இருக்க வேண்டும். 2016 முதல் மோட்டார் வாகன விதிகளும் தடுப்பு வைத்த தனித்தனி அறையைக் கேட்கின்றன. ஒவ்வொரு வண்டியையும் இந்தக் கணக்கில் வைத்துத்தான் கீழே பார்க்கிறோம்.

குட்டி யானை

டாடா ஏஸ் என்று சொன்னால் சந்தையில் சட்டென்று புரியாது, குட்டி யானை என்றால்தான் திரும்பிப் பார்ப்பார்கள். ஏஸ் கோல்டின் தளம் சுமார் ஏழே கால் அடிக்கு ஐந்தடி, 35 சதுர அடி. இதில் ஒரு மாடுதான் சரி. இரண்டு ஜெர்சியை நெருக்கி ஏற்றுவது எங்கும் நடக்கிறது. முதல் வளைவிலேயே ஒன்று மற்றதன் மேல் சாயும், சாய்ந்தது படுக்கும், படுத்தது எழ இடமிருக்காது.

ஒரே மாடு என்றாலும் எடையைக் கூட்டிப் பாருங்கள். 750 கிலோ சுமையளவுள்ள வண்டியில் தளம் முழுக்க இரண்டு அங்குல மணல் பரப்பினால் அதுவே 260 கிலோவை நெருங்கும். 420 கிலோ எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பினப் பசு, கூட வரும் ஆள், 80 லிட்டர் தண்ணீர் என்று சேர்த்தால் 800 கிலோ தாண்டிவிடும். ஆகவே குட்டி யானையில் மணல் வேண்டாம். ரப்பர் பாய் போட்டு, அதன் மேல் நனைத்த தென்னை நார்க்கழிவு ஒரு அங்குலம் போதும். நார்க்கழிவைக் காய்ந்தபடி போட்டால் காற்றில் பறந்து மாட்டின் கண்ணையும் மூக்கையும் அடைக்கும்.

இதன் நல்ல குணம் தளம் தாழ்வாக இருப்பது. வாய்க்கால் கரையோ சின்ன மண்மேடோ இருந்தால் பின்பக்கத்தை ஒட்டி நிறுத்தி மாட்டை நடத்தியே ஏற்றிவிடலாம். கெட்ட குணம் பக்கப் பலகை. வாங்கியபடியே இருந்தால் ஒரு அடி உயரம்தான், மாட்டின் முழங்காலைக்கூடத் தடுக்காது. மேலே நாலரை அடிக்குக் குழாய்ச் சட்டம் போடாத குட்டி யானையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். வண்டி குறுகல், மாட்டின் கனமோ தளத்துக்கு மேலே மூன்றடியில் நின்று ஆடுகிறது. எனவே 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. 25, 30 கிலோமீட்டர் தூரத்துக்குள் ஒரு பசு, அல்லது கன்றுகள் என்றால் பத்துக்கு ஆறு மதிப்பெண். எருமைக்கும் காங்கேயம் காளைக்கும் இது வண்டியே அல்ல.

பிக்கப்

பொலேரோ பிக்கப், தோஸ்த், இன்ட்ரா எல்லாம் இந்த வகைதான். தோஸ்த் தளம் எட்டே கால் அடிக்கு ஐந்தே கால் அடி, இரண்டு மாட்டுக்கு மிகச் சரியாக இருக்கும், மிச்சம் இராது. ஒன்பதடி பொலேரோவில் இரண்டு மாடு நின்று, பின்னால் தண்ணீர் கேனும் வைக்கோல் கட்டும் வைக்க இடமிருக்கும். மூன்றாவது மாட்டுக்கு எந்த பிக்கப்பிலும் கணக்கு வராது.

கோடைக்கு நம் தேர்வு இதுதான். பிக்கப்பின் கேபின் தளத்திலிருந்து மூன்று, மூன்றரை அடிதான் எழும்புகிறது, நிற்கும் பசுவின் தலை அதற்கு மேலே இருக்கிறது. ஓடும்போது காற்று நேராக முகத்திலும் முதுகிலும் அடிக்கும். லாரியில் இந்தக் காற்று கிடைக்காது. அதே சமயம் தூசியும் பூச்சியும் நேராகக் கண்ணில் அடிக்கும் என்பதால், கேபினுக்கு மேலே ஒன்றரை அடிக்கு நிழல் வலையை இரண்டாக மடித்துக் கட்டச் சொல்லுங்கள். காற்று வரும், கல்லும் பூச்சியும் வராது.

குறை சஸ்பென்ஷன். ஒன்றரை டன்னுக்குச் செய்த பட்டை வில், 400 கிலோ மாடு ஒன்று மட்டும் நின்றால் அசையாது. வேகத்தடையில் அடி முழுவதும் மாட்டின் குளம்புக்குப் போகும். இங்கேதான் மணல் இரண்டு வேலை செய்கிறது. பொலேரோ தளத்தில் இரண்டு அங்குல மணல் சுமார் 370 கிலோ. வில் கொஞ்சம் இறங்கிக் கொடுக்கும், கால் வழுக்காது. நனைத்து வைத்தால் சைலன்சர் சூடு மேலே ஏறாமலும் தடுக்கும். அந்தச் சூட்டைக் குறைத்து எண்ண வேண்டாம். ஒரு மணி நேரம் ஓடி வந்த வண்டியின் தளத்தில் சைலன்சர் போகும் இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். உங்கள் கையால் பத்து விநாடி தாங்க முடியாத இடத்தில் மாடு ஐந்து மணி நேரம் நிற்க வேண்டியிருக்கிறது.

ஒரே மாட்டை ஏற்றினால் தளம் முழுவதையும் அதற்கு விடாதீர்கள். பிரேக் போடும்போது அங்குமிங்கும் சறுக்கும். மூங்கிலோ ஜி.ஐ. குழாயோ நீளவாக்கில் இரண்டு வரிசை கட்டி, மூன்றரை அடி அகலத்துக்கு ஒதுக்கினால் நாலு காலையும் அகட்டி ஊன்றி நிற்கும். குழாய்மேல் சாக்கு சுற்றுங்கள். பின்கதவின் கொக்கியிலும் சுற்ற வேண்டும், மாட்டின் இடுப்பெலும்பு இடிபடும் இடம் அதுதான். நல்ல பாடி கட்டிய பிக்கப்புக்குப் பத்துக்கு எட்டரை. ஒன்றும் கட்டாத வண்டிக்கு ஐந்துகூடத் தர முடியாது.

மேற்கூரையும் கயிறும்

வெயில் என்றதும் நீலத் தார்ப்பாயை இழுத்து நாலு பக்கமும் மூடிக் கட்டுவது பெரிய தவறு, அதையே அதிகம் பார்க்கிறோம். பாய் சூடேறும், அதன் கீழே மாட்டின் மூச்சும் வியர்வையும் தேங்கும், ஈரம் காயாது. மாடு வெப்பத்தை வெளியேற்றுவதே தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஈரத்தை ஆவியாக்கித்தான். சுற்றிலும் ஈரக் காற்று நின்றுவிட்டால் அந்த வழி அடைபடும். 75 சதவீத நிழல் வலை, திமிலுக்கு மேலே குறைந்தது ஒரு அடி இடைவெளி, பக்கங்கள் திறப்பு, இதுதான் சரியான அமைப்பு. வலைமேல் தென்னங்கீற்றை ஒரு வரிசை பரப்பிக் கட்டினால் இன்னும் நல்லது, காசும் ஆகாது. தார்ப்பாயைச் சுருட்டி மழைக்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கயிற்றைக் கழுத்தில் கட்ட வேண்டும். மூக்கணாங்கயிற்றைக் கம்பியோடு கட்டியிருந்தால் அவிழ்க்கச் சொல்லுங்கள், ஒரு திடீர் பிரேக்கில் மூக்குத் தண்டு கிழிந்துவிடும். கழுத்துக் கயிறு இரண்டடி விட்டிருந்தால் தலையைத் தாழ்த்தித் தும்மவும் எச்சில் வழியவிடவும் முடியும். தலையைத் தூக்கியே கட்டி நீண்ட தூரம் கொண்டுபோனால் மூக்குச் சளியும் தூசியும் நுரையீரலுக்குள் இறங்கி, இரண்டு மூன்று நாள் கழித்துக் காய்ச்சலாக வெளிவரும். அப்போது 'புது இடம் ஒத்துக்கவில்லை' என்பார்கள். நீளம் அதிகமானால் திரும்ப முயன்று கால் மாட்டிக்கொள்ளும். முடிச்சு ஒரே இழுப்பில் அவிழும் உருவு முடிச்சாக இருக்கட்டும், கூட வருகிறவர் இடுப்பில் ஒரு கத்தியும் இருக்கட்டும்.

ஐச்சரும் பெரிய லாரியும்

14 அடி ஐச்சர் லாரியில் நாலு மாடு, 17 அடியில் ஐந்து. அதற்கு மேல் நீளமிருந்தாலும் ஆறோடு நிறுத்த வேண்டும். ஓட்டம் மெத்தென்று இருக்கும், மாடு குலுங்காது, தொலைதூரத்துக்கு ஏற்றது. ஆனால் உயரமான கேபினும் அடைத்த முன்பலகையும் சேர்ந்து முன் வரிசையில் காற்றே இல்லாத ஒரு குகையை உண்டாக்குகின்றன. பின் வரிசை மாடு சாதாரணமாக இருக்கும், முன்வரிசை நாக்கைத் தள்ளி இரைக்கும். முன்பலகையிலும், பக்கப் பலகையில் மூன்றடிக்கு மேலும் கை நுழையும் அளவு இடைவெளி உள்ள வண்டியாகப் பார்த்துப் பேசுங்கள். எச்.எஃப். கலப்பையும் எருமையையும் பின்னால் நிறுத்தி, நாட்டு மாட்டை முன்னால் நிறுத்தலாம். எருமைக்கு வியர்வைச் சுரப்பி குறைவு, தோலும் கறுப்பு, சூட்டில் முதலில் தளர்வது அதுதான். கொம்பு நீண்ட மாட்டுக்கும் மொட்டை மாட்டுக்கும் நடுவே தடுப்பு கட்டாயம்.

மலிவாக வரும் ரிட்டர்ன் வண்டியில் முன்பு என்ன லோடு போனது என்று கேளுங்கள். யூரியா ஏற்றிய தளத்தைக் கழுவாமல் மாடு ஏற்றினால், உப்புச் சுவைக்கு நக்கியே நஞ்சேறும். சிமெண்ட் தூள் ஈரத்தோடு சேர்ந்தால் குளம்பிடுக்கை அரிக்கும். தண்ணீர் அடித்துக் கழுவிய பிறகே மணல் பரப்ப வேண்டும். மதிப்பெண் ஏழு, காற்று வழி இருந்தால் எட்டு.

லாரித் தளம் உயரமானதால் பலகையின் சாய்வும் முக்கியம். தளம் இரண்டரை அடி என்றால் பலகை ஏழரை அடி நீளம் வேண்டும், மூன்றரை அடி என்றால் பத்தடிக்கு மேல். அப்போதுதான் சாய்வு 20 பாகைக்குள் நிற்கும். இரண்டு அங்குலக் கனம், மூன்றடி அகலம், எட்டு அங்குலத்துக்கு ஒரு குறுக்குச் சட்டம். பலகைக்கும் தளத்துக்கும் நடுவே தெரியும் இடுக்கில் சாக்கைத் திணித்துவிடுங்கள், குளம்பு இறங்கினால் எலும்பு முறியும். மாடு தயங்கினால் பலகைமேல் கொஞ்சம் வைக்கோலும் மண்ணும் தூவி, ஒரு நிமிடம் முகர விட்டால் பெரும்பாலும் தானே ஏறும். வாலை முறுக்குகிற, கண்ணில் மிளகாய் வைக்கிற ஆட்களோடு பேச்சே வேண்டாம். அது குற்றம். அப்படிப் பதறி ஏறிய மாடு, வண்டி கிளம்பும் முன்பே சூடேறி நிற்கும்.

டிராக்டர் டிரெய்லர்

பத்து கிலோமீட்டருக்குள், ஊர்ச் சாலையில், 20 கிலோமீட்டர் வேகத்தில் என்றால் சரி. அதற்கு மேல் வேண்டாம். பெரும்பாலான இரண்டு சக்கர டிரெய்லர்களுக்கு வில் கிடையாது, ஒவ்வொரு குழியும் நேராகக் காலில் ஏறும். டிராக்டரின் சைலன்சர் நிமிர்ந்து நிற்பதால் புகை சரியாக மாட்டின் முகத்துக்கே வரும். மெதுவாகப் போவதால் காற்றும் இல்லை.

கட்டாயம் என்றால் மாட்டை அச்சுக்கு முன்னால் நிறுத்துங்கள். பின்னால் கனம் சேர்ந்தால் கொக்கி மேலே தூக்கும், டிராக்டரின் பின் சக்கரம் பிடிப்பை இழக்கும். டிராக்டரிலிருந்து கழற்றிய டிரெய்லரில் ஒருபோதும் மாடு ஏற்றவோ இறக்கவோ கூடாது. மாடு பின்னோரத்தில் கால் வைத்ததும் முன்பக்கம் எகிறும். மூன்று மதிப்பெண், அதுவும் அவசரத்துக்கு உதவுவதால்.

நேரமும் டிரைவரும்

எந்த வண்டியானாலும் கோடையில் மாட்டைக் கொல்வது நிற்கும் நேரம்தான். ஓடும்போது தாங்குகிற பசு, சுங்கச்சாவடி வரிசையிலோ டீக்கடை வெயிலிலோ கால் மணி நேரத்தில் இரைக்க ஆரம்பிக்கும். ஆகவே வாடகை பேசும்போது கிலோமீட்டரோடு நிறுத்தும் இடங்களையும் பேசி முடித்துவிடுங்கள். டீசல், காற்று, சாப்பாடு எல்லாம் மாடு ஏறும் முன்பே முடிந்திருக்க வேண்டும். இடையில் நிறுத்தினால் புளியமர நிழல், காற்று குறுக்காக வீசும்படி வண்டி, பத்து நிமிடம்.

வியாழக்கிழமை ஈரோடு கருங்கல்பாளையத்திலோ, செவ்வாய், வியாழனில் பொள்ளாச்சியிலோ வாங்கிய மாட்டை முற்பகல் 11 மணிக்கே ஏற்றிக் கிளம்புவதுதான் வழக்கம். டிரைவருக்கு அடுத்த லோடு, வாங்கியவருக்கு வீட்டு நினைப்பு. மாட்டுக்கோ அது மிக மோசமான நேரம். முந்தின இரவே கிளம்பி, சரியாகத் தண்ணீர் காட்டாமல், மடி பெரிதாகத் தெரிய வேண்டுமென்று கறக்காமல் நிறுத்தி வைத்த மாடு அது. வெயிட்டிங் காசு கொடுத்தாவது நிழலில் கட்டி, முழுதாகக் கறந்து, தண்ணீர் காட்டி, இரவு எட்டு ஒன்பது மணிக்கு மேல் ஏற்றுங்கள். மாலை ஆறு மணிக்கு வெயில் தாழ்ந்தாலும் மாட்டின் உடல் சூடு தாழ்வதில்லை, பகல் முழுக்க வாங்கிய சூடு அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். இல்லையென்றால் விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பி எட்டு மணிக்குள் சேர வேண்டும்.

கிளம்பும் முன் தவிடு, புண்ணாக்கு வேண்டாம். தின்ற நாலைந்து மணி நேரம் கழித்து வயிற்றில் நொதிக்கும் சூடு உச்சத்துக்கு வரும், அது நடுவழியாக இருக்கும். கொஞ்சம் காய்ந்த வைக்கோல் போதும். தண்ணீரை மட்டும் கடைசி நிமிடம் வரை காட்டலாம். வழிக்கு மாடு ஒன்றுக்கு 40 லிட்டர் குடிக்க, அதே அளவு நனைக்க. பத்து லிட்டருக்கு ஒரு கைப்பிடி உப்பும் 100 கிராம் வெல்லமும் கலந்து வைத்தால், பழக்கமில்லாத தண்ணீரைக் குடிக்க மறுக்கும் மாடும் குடித்துவிடும்.

நிறுத்தும்போதெல்லாம் விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். அறுபதைத் தாண்டினால் அடுத்த நிழலில் நிறுத்துங்கள். வாய் திறந்து எச்சில் கயிறாகத் தொங்கினால் அது அவசரம். கழுத்து, விலா, தொடை எல்லாம் தோல் வரை நனையும்படி ஊற்றி, வண்டியை உடனே ஓட்ட வேண்டும், காற்று பட்டால்தான் நனைத்ததற்குப் பலன். நனைத்துவிட்டு மூடிய வண்டியில் நிறுத்தினால் வேகவைத்த மாதிரிதான். தெர்மாமீட்டரில் 104 பாரன்ஹீட் காட்டினால் கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962க்கு அழையுங்கள். படுத்த மாட்டை அடித்து எழுப்பாமல், பக்கத்து மாட்டை முதலில் இறக்கி இடம் கொடுத்து, நெஞ்சு தரையில் படும்படி உட்கார வையுங்கள். ஒருக்களித்தே கிடந்தால் வயிறு உப்பி மூச்சு முட்டும்.

டிரைவரிடம் கேட்க ஒரே ஒரு கேள்வி: "அண்ணா, இதுக்கு முன்னாடி மாடு ஏத்தியிருக்கீங்களா?" ஏற்றியவர் வளைவுக்கு முன்பே வேகம் குறைப்பார், வளைவுக்குள் பிரேக் தொடமாட்டார், கிளம்பியதும் ஐந்து கிலோமீட்டரில் தானே நிறுத்தி மாடு எப்படி நிற்கிறது என்று எட்டிப் பார்ப்பார். மாடு வண்டியின் ஆட்டத்துக்குப் பழகும் முன்பு, அந்த முதல் ஐந்து கிலோமீட்டரில் கால் முறியும் ஆபத்து உண்டு. பழகிய டிரைவருக்கு நூறு, இருநூறு கூடக் கொடுக்கலாம்.

வீடு சேர்ந்ததும் நிழலில் கட்டி, முதலில் அரை வாளி, கால் மணி நேரம் கழித்து மீதி. பழைய மாடுகளோடு சேர்க்காமல் மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள். இரவே ஒரு முறை கறந்து, முதலில் பீச்சும் பாலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரி திரியாக வந்தால் சந்தையில் கட்டி வைத்த மடி நோய்ப்பட்டுவிட்டது என்று பொருள், காலை வரை காத்திருக்க வேண்டாம்.